ஒரு சந்தூக் மவுஸ்

காயல்பட்டினத்து ஹாமிதுக்கு அரபி நன்றாக வாசிக்க வரும். ஐந்து வயதில் மதரஸாவில் பழகிய நாக்கு. அடித்தொண்டையில் புரள வேண்டிய எழுத்து அடித்தொண்டையிலேயே புரளும், பல்லிடுக்கில் உரச வேண்டியது பல்லிடுக்கில் உரசும். எழுத்துக்கு மேலும் கீழும் உயிர்க்குறி போட்டிருந்தால் போதும், எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் மூச்சுவிடாமல் ஓடிவிடுவான். ஓடி முடித்த பிறகு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அவனிடம் கேட்கக் கூடாது.

ஊரில் இது ஒரு குறையே இல்லை. அவன் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். பிறகு துபாய்க்கும் தம்மாமுக்கும் போய், அங்கே கடைக்காரனிடமும் முதலாளியிடமும் திட்டு வாங்கி வாங்கி அர்த்தத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஹாமிதுக்கு அந்தப் படிப்பு கொடுத்துவைக்கவில்லை. விமானம் என்றால் பயம். இரண்டு தடவை திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரைக்கும் போய், இரண்டு தடவையும் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்துவிட்டான். ஆகவே அவனுக்குத் தெரிந்த அரபி எல்லாம் தொழுகையில் ஓதுவதும், வீட்டுப் பேச்சில் கலந்து கிடப்பதும்தான். அவன் வீட்டில் புத்தகம் என்றால் கிதாபு, உயிர் என்றால் ரூஹு, சாவு என்றால் மவுத்து, இறந்தவரை அடக்கம் செய்யத் தூக்கிப்போகும் பெட்டி சந்தூக்கு. இதெல்லாம் அரபி என்று நினைத்து அங்கே யாரும் பேசுவதில்லை. தமிழ் என்று நினைத்துத்தான் பேசுகிறார்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி முதல் சோப்பு, கயிறு வரை சப்ளை செய்கிற கம்பெனி ஒன்றை நடத்திவந்தார் ஜேசுதாசன். பக்கத்திலிருக்கும் நாசரேத் ஊர்க்காரர். அவருடைய ஆங்கிலத்துக்குத் துறைமுகத்தில் நல்ல பெயர் உண்டு. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்புவதற்கு அவர் எழுதுகிற கடிதத்தைப் பார்த்தால், யாரோ அரியணை ஏறுகிறார்கள் என்று தோன்றும். ஹாமிது வேலை கேட்டுப் போன அன்று, ஊர் பெயரைக் கேட்டதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காயல்பட்டினமா? அப்போ அரபி தெரியும்லா?"

"வாசிப்பேன் அண்ணாச்சி" என்றான் ஹாமிது.

அவன் சொன்னது முழு உண்மை. ஜேசுதாசன் காதில் விழுந்தது அவருக்கு வேண்டிய உண்மை. மறு வாரம் அச்சாகி வந்த விசிட்டிங் கார்டுகளில், கம்பெனி பெயருக்குக் கீழே 'இங்கே அரபி பேசப்படும்' என்று ஆங்கிலத்தில் பொன்னிறத்தில் மின்னியது. ஹாமிது அதைப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தான். அதற்குள் ஜேசுதாசன் ஒரு டப்பா கார்டை அவன் கையில் திணித்து, ஒவ்வொரு கப்பலிலும் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மூன்று வருடம் ஒரு வம்பும் வரவில்லை. கப்பல்காரர்கள் எந்த நாட்டவர்களாக இருந்தாலும் ஆங்கிலத்தில்தான் மெயில் அனுப்பினார்கள். எப்போதாவது ஓர் அரபி பேசும் மாலுமி எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லி, நெஞ்சில் கைவைத்து, அல்ஹம்துலில்லாஹ், மாஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிவிடுவான். எதிராளி எந்தக் கேள்வி கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்று பொருந்திவிடும் என்பதை அனுபவத்தில் கண்டுவைத்திருந்தான்.

பொருந்தாத நாள் ஒரு புதன்கிழமை வந்தது.

காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் துறைமுகத்துக்கு வந்து நின்ற ஒரு சரக்குக் கப்பலுக்கு மத்தியானம் சாமான் போக வேண்டும். கேப்டன் பல்கேரியாக்காரர், மாலுமிகள் எல்லாம் பிலிப்பைன்ஸ்காரர்கள். பட்டியல் முந்தின நாளே மெயிலில் வந்து, சாமான் எல்லாம் கட்டித் தயாராக இருந்தது. அந்த நேரத்தில் ஹாமிதின் செல்போன் அடித்தது. கப்பலின் சமையல்காரர். ஏமன் நாட்டுக்காரர், மஹ்யூப் என்று பெயர். கப்பலில் அரபி பேசுகிற ஒரே ஆள் அவர்தான். யார் கையிலிருந்தோ ஹாமிதின் நம்பர் போட்ட அந்தப் பொன்னெழுத்துக் கார்டு அவர் கைக்குப் போயிருக்கிறது.

பின்னால் கிரேன் இரைச்சல், கடற்காற்று. அதற்கு நடுவே அவர் பேசியதில் ஹாமிதுக்குப் பிடிபட்டவை நான்கு சொற்கள். "வாஹித்" என்றார், ஒன்று என்று ஹாமிதுக்குத் தெரியும். "சந்தூக்" என்றார். அடுத்து "மவு..." என்று தொடங்கிக் காற்றில் சிதறிய ஒரு சொல். கடைசியாக "யவ்ம்", நாள் என்று அர்த்தம், உலகம் முடிகிற கியாமத்து நாளைப் பற்றி ஓதும்போது வருகிற சொல்.

ஒரு சந்தூக்கு, மவுத்து, கியாமத்து நாள். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? கப்பலில் யாரோ இறந்துபோயிருக்கிறார்கள். அவன் குரல் தழுதழுக்க, மரணச் செய்தி கேட்டால் சொல்ல வேண்டிய "இன்னாலில்லாஹி" வாசகத்தை முழுவதுமாகச் சொன்னான். பிறகு மஹ்யூபும் குரலைத் தாழ்த்தி, அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும் என்பதற்கான சொற்களை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அது ஹாமிது ஓதிப் பழகிய வாசகம். இருந்த கொஞ்சம் சந்தேகமும் தீர்ந்துபோனது.

வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவன் மனைவி பல்கீஸ் பத்து வயது வரை ஜித்தாவில் வளர்ந்தவள். ஆனால் அரபி நிபுணர் என்று பெயர் வாங்கிச் சம்பளமும் வாங்குகிறவன் பெண்டாட்டியிடம் அர்த்தம் கேட்பதா என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தோடு நேரே ஜேசுதாசனிடம் போனான்.

ஜேசுதாசன் செய்தியைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கப்பலின் ஏஜெண்டுக்குப் போன் போட்டார்; அவர் சென்னையிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தார், போன் அணைந்திருந்தது. கேப்டனுக்கே போன் போடலாமே என்றான் ஹாமிது. துக்கத்தைப் போனில் விசாரிக்கிறது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டு, ஜேசுதாசன் மெயில் எழுத உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் எழுதினார். அதில் கருமேகம் வந்தது, அலையற்ற கடல் வந்தது, நங்கூரம் பாய்ச்சிய ஓர் ஆத்துமா வந்தது. இறந்துபோனது யார் என்று எங்கேயும் கேட்கவில்லை, சாவு என்ற சொல்லே வரவில்லை. அது நாகரிகக் குறைவாம்.

ஐந்தே நிமிடத்தில் கேப்டனிடமிருந்து பதில் வந்தது. 'வெல் நோட்டட் வித் தேங்க்ஸ். பூண்டு ஐந்து கிலோ சேர்த்து அனுப்பவும்.'

ஜேசுதாசன் அதை இரண்டு தரம் படித்தார். "பாத்தியாலே ஹாமிது, இவ்வளவு பெரிய துக்கத்துலயும் மத்தவனுக்குப் பசிக்கும்னு நெனைக்காரு பாரு. அவன் கேப்டன்" என்றார்.

துறைமுகம் போகும் வழியில் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்தது. மினி லாரியை ஓட்டிவந்த மாரிச்செல்வம் அதை ஓரமாக நிறுத்த, ஹாமிது இறங்கிப்போய் அங்கே பாங்கு சொல்லும் மோதினாரிடம் சந்தூக்கு இரவல் கேட்டான். மையித்து, அதாவது இறந்த உடல், யாருடையது என்று கேட்டார் மோதினார். தெரியாது என்றான். ஆணா பெண்ணா? தெரியாது. எந்த ஊர், எப்போது மவுத்து, குளிப்பாட்ட ஆள் இருக்கிறதா? ஒன்றும் தெரியாது.

"அப்ப உமக்கு என்னதான் வே தெரியும்?" என்றார் மோதினார்.

அரபி தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. கப்பல் சமாசாரம் என்று மட்டும் சொன்னான். அவர் கம்பெனி கார்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பச்சைத் துணி போர்த்திய பெட்டியைத் தந்தார். வெங்காய மூட்டைக்கும் முட்டைக்கோஸ் மூட்டைக்கும் நடுவில் அதைப் பதனமாக ஏற்றிக் கட்டினார்கள். ஜேசுதாசன் கறுப்பு டை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

துறைமுக வாசலில் காவலுக்கு நின்றவர் பீகார்க்காரர். பட்டியலில் இல்லாத இந்தப் பெட்டி என்ன என்று இந்தியில் கேட்டார். ஹாமிது தலையைக் குனிந்து, "சந்தூக்" என்றான். அவர் முகத்தில் ஒரு துக்கமும் தெரியவில்லை. "அச்சா, சந்தூக்" என்று தலையாட்டி, மூடியைத் தூக்கிப் பார்த்து, "காலி?" என்றார். "காலி" என்றான் ஹாமிது. காலிப் பெட்டி ஒன்று என்று பட்டியலில் எழுதச் சொல்லி உள்ளே விட்டுவிட்டார். அவர் ஊரில் துணி வைக்கிற டிரங்குப் பெட்டிக்கும் சந்தூக் என்றுதான் பெயர் என்று ஹாமிதுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது, இப்படியும் ஒரு கல் மனசா என்றுதான் நினைத்தான்.

கப்பலடியில் லாரி நின்றதும், மேலே கம்பியைப் பிடித்து நின்ற பிலிப்பைன்ஸ் மாலுமிகள் பெட்டியைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மற்றவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சாமான் ஏற்றுவதற்கு இறங்கிக்கொண்டிருந்த கொக்கி பாதியிலேயே நின்றுபோனது.

படியில் தடதடவென்று ஓர் ஆள் இறங்கி வந்தார். பெரிய உடம்பு, இடுப்பில் ஏப்ரன், அதில் மஞ்சள் கறை. மஹ்யூப் அவர்தான். பெட்டியைப் பார்த்தார், பச்சைத் துணியைப் பார்த்தார், ஹாமிதைப் பார்த்தார். அவனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தன் வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கும் சொன்ன சொல் தவறாமல், சந்தூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறானே இந்த மனிதன் என்று அவருக்கு இரக்கம். காலையில் போனில் அவன் "இன்னாலில்லாஹி" சொன்னபோதே அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஹாமிது வேறு நினைத்தான். கூட்டாளியைப் பறிகொடுத்த மனிதர் அழ ஒரு தோள் தேடுகிறார் என்று நினைத்தான். அவ்வளவு பெரிய நெஞ்சில் சாய்ந்ததும் அவனுக்கே அழுகை வந்துவிட்டது. இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். ஜேசுதாசன் பக்கத்தில் தலை கவிழ்ந்து நின்றார்.

எவ்வளவு நேரம் அழ முடியும்? மஹ்யூப் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியைச் சுற்றி வந்தார். வெங்காயம் இருக்கிறது, முட்டைக்கோஸ் இருக்கிறது, பூண்டு இருக்கிறது. அவர் எதையோ தேடினார். தயங்கித் தயங்கிச் சந்தூக்கின் மூடியைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்து ஹாமிதிடம் கேட்டார்:

"அய்னல் மவுஸ்?"

மவுத்து எங்கே என்று கேட்கிறார் என்று ஹாமிதுக்குப் புரிந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. "அதத்தான் காக்கா நான் உங்ககிட்ட கேக்க வந்திருக்கேன்" என்றான் தமிழில், அண்ணனை அழைக்கிற ஊர் வழக்கத்தில்.

மஹ்யூப் மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார், இந்தத் தடவை கடைசி எழுத்தை நீட்டி. ஹாமிது வானத்தைக் காட்டினான். அவர் இல்லை இல்லை என்று கையாட்டினார். காற்றில் வளைவாக ஒரு கோடு போட்டார். பிறகு இடது கையை முஷ்டியாக்கி உயர்த்தி, வலது கையால் அதன் மேலிருந்து மூன்று பட்டைகளை உரித்துக் கீழே விட்டு, வாயைத் திறந்து கடித்து மென்று காட்டினார்.

தமிழைத் தவிர ஒரு மொழியும் அறியாத மாரிச்செல்வம் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே சொன்னான்: "அண்ணாச்சி, அவரு வாழப்பழம்லா கேக்காரு."

மஹ்யூப் பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தட்டி "சந்தூக்" என்றார். மறுபடி உரித்துக் காட்டி "மவுஸ்" என்றார். ஒரு பெட்டி வாழைப்பழம், இன்றைக்கு. பட்டியலில் எழுத மறந்துபோனதைப் போனில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஹாமிதுக்குக் காலடியில் இருக்கிற கான்கிரீட் பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அதற்குள் மேலேயிருந்து கேப்டன், கீழே என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். ஜேசுதாசன் நிமிர்ந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அலங்காரம் ஏதுமில்லாத ஆங்கிலம் அவர் வாயிலிருந்து வந்தது.

"பனானா சார். மிஸ்டேக் சார்."

மாரிச்செல்வம் சந்தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாழைப்பழம் வாங்கிவரக் கிளம்பினான். ஜேசுதாசன் கையெழுத்து வாங்கக் கேப்டன் அறைக்குப் போனார். கேப்டன் சிரித்த சத்தம் இரண்டு தளம் தாண்டிக் கேட்டது. ஹாமிது எங்கே ஒளிவது என்று தெரியாமல் நின்றான். மஹ்யூப் அவன் தோளில் கைபோட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஏலக்காய் போட்ட, பால் சேர்க்காத கட்டங்காப்பி கொடுத்தார். அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தன் செல்போனில் ஒரு படத்தைத் திறந்து அவன் முன்னால் நீட்டினார்.

கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்றின் படம். பென்சிலால் பெரிது பெரிதாக எழுதிய அரபி. பள்ளிக்கூடத்தில் புதிதாக எழுதப் பழகுகிற பிள்ளை எழுதியது; ஓர் எழுத்து பாக்கியில்லாமல் உயிர்க்குறி போட்டிருந்தது. மஹ்யூப் கையை இடுப்பு உயரத்துக்குக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். மகள். பிறகு எழுத்தைக் காட்டி, தன் நெற்றியைத் தட்டி, வெறும் கையை விரித்தார். முகம் சிவந்துபோயிருந்தது.

ஹாமிதுக்கு அன்றைக்கு முதல் தடவையாக ஒரு விஷயம் முழுசாகப் புரிந்தது. இந்த மனிதருக்கு வாசிக்கத் தெரியாது. கப்பலில் வேறு யாருக்கும் இந்த எழுத்து தெரியாது. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இருந்திருப்பார்.

போனைக் கையில் வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினான். மதரஸாவில் ஓதுகிற அதே ராகம் தன்னால் வந்தது. மஹ்யூப் கேட்டுக்கொண்டே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். இரண்டாவது வரியில் சிரித்தார். நான்காவது வரியில் தொடையைத் தட்டிச் சிரித்தார். என்ன என்பது போல ஹாமிது பார்த்தான். அவர் தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து "மே" என்று கத்தி, ஒரு காகிதத்தை எடுத்து மென்று காட்டினார். ஏதோ ஓர் ஆடு பிள்ளையின் நோட்டைத் தின்றுவிட்டது. ஹாமிதும் சிரித்தான். கடைசி வரி சின்னது. இரண்டே சொற்கள், ஒரு கேள்விக்குறி. "மதா தஊது?" அதற்கு மஹ்யூப் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். நான்கு தரம் வாசித்தான். ஐந்தாவது தரம் போனில் ரிக்கார்டு செய்துகொண்டார்.

திரும்பி வரும்போது ஹாமிதும் ஜேசுதாசனும் முன் சீட்டில் நெருங்கி உட்கார்ந்தார்கள். உப்பு மூட்டை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் அவர்கள் வண்டி ஊர்ந்தது. சமையல்காரனுக்குக் கடிதம் வாசித்துக் காட்டினாயாமே, அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார் ஜேசுதாசன்.

"தெரியாது அண்ணாச்சி."

"நீ வாசிச்சேன்னு சொன்னாங்களே?"

"வாசிச்சேன். அர்த்தம் தெரியாது. எனக்கு எப்பவுமே தெரியாது."

ஜேசுதாசன் டையைத் தளர்த்தினார். இண்டர்வியூவில் அவன் சரியாகத்தான் சொன்னான் என்பது அவருக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தக் கார்டு இன்னும் எத்தனை மிச்சமிருக்கிறது என்று மட்டும் கேட்டார். நானூறு என்றான். நாளைக்கு மார்க்கர் பேனா எடுத்து 'பேசப்படும்' என்கிற சொல்லை அடித்துவிட்டு 'வாசிக்கப்படும்' என்று எழுதிவை என்றார். மாரிச்செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

அன்று சாயங்காலம் ஹாமிது பல்கீஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். சந்தூக்கு வரைக்கும் அவள் பொறுத்துக்கொண்டாள். வாழைப்பழம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் அடங்கும் வரைக்கும் காத்திருந்து, மதா தஊது என்றால் என்ன என்று கேட்டான்.

பல்கீஸ் சிரிப்பை நிறுத்தினாள். "எப்ப வருவீங்கன்னு கேட்டிருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள், கப்பல் கொழும்பைத் தாண்டிய பிறகு, மஹ்யூபிடமிருந்து நீளமான ஒரு குரல் செய்தி வந்தது. ஹாமிது போனைப் பல்கீஸிடம் கொடுத்தான். அவள் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அவர் மகளுக்குப் போன் செய்து கடிதத்தை வாசித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை நம்பவில்லை. ஆடு என்னத்தைத் தின்றது என்று சோதித்திருக்கிறது. கணக்கு நோட்டை என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டார். உடனே பிள்ளை வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியும் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த கடிதத்தையும் எழுதி அனுப்பிவிட்டது. முன்னதைவிட நீளமாம். செய்திக்குக் கீழேயே படம் இருந்தது.

ஹாமிது அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். இரண்டு பக்கம். உயிர்க்குறியெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ரிக்கார்டு பட்டனை அமுக்கப் போனான்.

"நில்லுங்க" என்றாள் பல்கீஸ். மீன் அரிந்துகொண்டிருந்த கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, அவன் தோளுக்கு மேலாகக் கடிதத்தை மனசுக்குள் படித்தாள். ஒரே ராகத்தில் ஓதிவிட வேண்டாம் என்றாள். முதல் பக்கம் முழுக்க வேகமாக வாசிக்கலாம், அதில் ஒன்றுமில்லை, டீச்சரைப் பற்றி. இரண்டாம் பக்கம் ஐந்தாவது வரியில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும்.

"ஏன், அங்கன என்ன இருக்கு?"

"அந்தப் புள்ள கோவமா இருக்கு. வாசிங்க, சொல்லுதேன்."

ஹாமிது போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கோபமான முகத்தை இப்போதே தயார் செய்துகொண்டு, பட்டனை அமுக்கினான்.